அக்கா பிள்ளைகள் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் என்ன செய்யணும்?

அயனாவரம் சித்தி

வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள். இன்று எழுதக் காரணம் என் அக்கா பிள்ளைகள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணிக்கு அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கட்டைப்பை, இரண்டு ஸ்கூல் பை, இரண்டு பிள்ளைகள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பதினான்கு வருஷமாக நடப்பதுதான், அக்கா வீட்டுக்காரரின் அடி. முன்பும் இரண்டு முறை வந்தாள், பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பினோம். அந்த "அனுப்பினோம்" என்பதில் நானும் இருக்கிறேன். இந்த முறை அவள் போக மாட்டேன் என்கிறாள். நாங்களும் அனுப்புவதாக இல்லை.

அக்கா விஷயமாக ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறோம். என் கேள்வி பிள்ளைகளைப் பற்றி.

சின்னவனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. கேட் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்திவிடுவான். ராத்திரி தாழ்ப்பாளை மூன்று முறை எக்கித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான். படுக்கை நனைகிறது. காலையில் விரிப்பை அவனே சுருட்டி பாத்ரூம் வாளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான்.

பெரியவளுக்கு 13, எட்டாம் வகுப்பு. பார்க்கிறவர்கள் இவளுக்கு ஒரு குறையும் இல்லை என்பார்கள். எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, தம்பிக்குத் தலை சீவி விடுகிறாள். ஒரு தடவை கூட அழவில்லை. நான்கு நாள் முன்பு சமையலறையில் மெதுவாகக் கேட்டாள்: "சித்தி, தம்பி ரொம்ப சாப்பிடுறானா?" எனக்குப் பதில் வரவில்லை.

எங்களுடையது இரண்டு அறை போர்ஷன். நான், வீட்டுக்காரர், மாமியார், என் பெண் என்று நான்கு பேர் இருந்தோம், இப்போது ஏழு பேர். இடத்தை எப்படியோ சமாளித்துக்கொள்வோம். நடந்ததைப் பற்றி அவர்களிடம் பேசுவதா, பேசாமலே இருப்பதா? ஸ்கூலில் என்ன சொல்வது? டாக்டரிடம் காட்டணுமா? சொந்தக்காரர்கள் போன் போட்டுப் பிள்ளைகளிடமே "அப்பாகிட்ட எப்போ போகப் போற" என்று கேட்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்

முதல் வேலையாக, சமையலறையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். நான்கு நாள் தள்ளிச் சொன்னாலும் பரவாயில்லை. "அவன் சாப்பிடத்தான் சமைக்கிறேன்" என்று ஒரு வரி போதும். இன்னும் எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்பதைத்தான் அந்தப் பெண் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

22 வருஷமாக மாநகராட்சிப் பள்ளியில் இருக்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளைகளை மார்க்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முதல் ரேங்க் வாங்குகிறவர்களும் உண்டு. நான் பார்ப்பது நேரத்தை. ஏழேகாலுக்கே கேட் வாசலில் நிற்கிற பிள்ளை, மணி அடித்த பிறகும் "மிஸ், போர்டு அழிக்கட்டுமா" என்று சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளை. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இன்னொரு அடையாளமும் கிடைத்தது. முந்தின ராத்திரி வீட்டில் ரகளை என்றால் அடுப்பு எரிந்திருக்காது. மறுநாள் அந்தப் பிள்ளை உப்புமாவை இரண்டு தடவை வாங்கும். பரிமாறுகிற அம்மாவுக்கு இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்துவிடும்.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை அப்படியே வகுப்பறைக்குப் பெருக்க முடியாது, கணக்கு அப்படி வராது. ஆனாலும் பெஞ்சுக்கு ஒருவராவது இருப்பார்கள் என்று நினைத்துத்தான் நான் வகுப்புக்குள் போகிறேன்.

ஸ்கூலில் தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் சொல்லுங்கள். முழுக் கதையும் வேண்டாம், அது மதியத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவிவிடும். இப்போது இந்த முகவரியில் இருக்கிறார்கள், பள்ளி விட்டதும் இன்னார் வந்து அழைத்துப் போவார்கள், வேறு யார் வந்தாலும் உங்களுக்கு போன் பண்ண வேண்டும். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

பள்ளி மாற்றுவதாக இருந்தால் டி.சி.யை நினைத்துப் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறக் குழந்தைக்கு உரிமை உண்டு, டி.சி. தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009ஆம் வருஷச் சட்டம், 5ஆவது பிரிவு. தெரியாத மாதிரி யாராவது பேசினால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு.

கடைசியாக என் தவறு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் வீட்டுப்பாடமே எழுதி வர மாட்டான். அவன் அப்பாவை வரச் சொல்லி, "கொஞ்சம் கவனிங்க சார்" என்றேன். அவர் கவனித்தார். மறுநாள் அவன் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். சித்திரை மாசம். அதற்கப்புறம் எந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் யோசிக்காமல் நான் தகவல் அனுப்பியதில்லை.

நடுநிலையாளன்

எல்லாரும் திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். மனைவியை அடிப்பது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் பிள்ளைகளை அடித்தாரா? அதை நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகள் மேல் பாசமாக இருக்கிற அப்பா என்றால் அவர்களை ஏன் பிரிக்க வேண்டும்? நாளைக்கு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று வரும்போது அப்பா எங்கே என்று கேட்பார்கள். குடிதான் காரணம் என்றால் குடியை நிறுத்த வைத்தியம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போன குடும்பம் மறுபடி ஒட்டாது. இரண்டு பக்கப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசட்டுமே.

பின்வாசல்

நடுநிலையாளன் அவர்களுக்கு. என்னையும் என் அப்பா அடித்ததில்லை. ஒரு அடி கூட. அதனால் நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு 34 வயது. கூவம் கரையோரம் குடிசையில் பிறந்து வளர்ந்தவன். அம்மாவை அடிக்கிற ராத்திரிகளில் நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பேன். மூச்சுச் சத்தம் மாறினால் தெரிந்துவிடும் என்று மூச்சைக் கூட அளந்து விடுவேன். அது ஒரு வேலை சார். எட்டு வயதில் தினமும் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் ஸ்கூலுக்குப் போய்த் தூங்குவேன். மறுநாள் சாயந்திரம் அப்பா புரோட்டா வாங்கி வருவார். எனக்குத்தான் முதல் பொட்டலம். நான் சந்தோஷமாகச் சாப்பிடுவேன். அம்மா உதடு வீங்கி உட்கார்ந்திருப்பாள். அந்தப் புரோட்டாவை அப்படி ரசித்துத் தின்றேனே என்று இன்னும் உறுத்துகிறது. பாசமான அப்பா என்கிறீர்களே, பாசம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு குழப்பம்.

சித்தி, உங்களுக்கு உதவும் என்றால் எனக்கு உதவியது எது என்று சொல்கிறேன். எங்கள் குடிசைக்கு மூன்று வீடு தள்ளி ஒரு அத்தை. சொந்த அத்தை இல்லை, இட்லிக் கடை போட்டிருந்தவர். எங்கள் வீட்டில் சத்தம் கிளம்பியதும் அவர் வாசலில் நின்று கத்துவார்: "டேய், மாவாட்ட ஆள் இல்லடா, வாடா!" ராத்திரி பத்து மணிக்கு என்ன மாவு? ஆனால் அந்தக் குரல் வந்தால் நான் எழுந்து போகலாம். அப்பாவாலும் ஒன்றும் சொல்ல முடியாது, கடைக்கார அம்மா கூப்பிடுகிறார். போனால் ஒரு டம்ளர் டீ, ஒரு கோணி. படுத்துக்கொள்வேன். ஒரு நாளும் "என்னடா ஆச்சு" என்று கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால் நான் போவதை நிறுத்தியிருப்பேன்.

பிறகு 2001இல் எங்களைக் கண்ணகி நகருக்கு மாற்றினார்கள். சிமெண்ட் வீடு, பூட்டுப் போடுகிற கதவு. எல்லாரும் நல்லது என்றார்கள். அத்தைக்கு வேறு பிளாக். கொஞ்ச நாளில் அவர் கடையும் இல்லை. கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே போகாது. என் வாழ்க்கையில் மிக மோசமான இரண்டு வருஷம் அந்த நல்ல வீட்டில்தான். மறுகுடியமர்வு பற்றிப் பேசும்போது பஸ், வேலை, தண்ணீர் எல்லாம் பேசுகிறார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் நிற்க வீடு இல்லாமல் போனதை யாரும் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

காயப்படுத்தியது இரண்டு வாக்கியம். கோபத்தில் எதையாவது தூக்கிப் போட்டால் "அப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்பார்கள். இருபத்தைந்து வயது வரை நான் அதை நம்பினேன், கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன். இன்னொன்று, "இனிமே நீதான்டா அம்மாவைப் பாத்துக்கணும்". சொல்பவர்களுக்கு ஆறுதல் வார்த்தை. பத்து வயதுப் பையனுக்கு அது மூட்டை. சின்னவனிடம் இந்த இரண்டையும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் உட்பட.

அயனாவரம் சித்தி

பின்வாசல், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் போய் நின்றுவிட்டு வந்தேன். மாமியார் நேற்றே ஒன்று சொல்லிவிட்டார், இரண்டாவது வாக்கியத்தை. இன்று அவரிடம் பேசினேன். "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றார். அப்புறம் அவனைக் கூப்பிட்டு, "உங்கம்மாவ நாங்க பாத்துக்குறோம், நீ போய் வெளையாடு" என்றார். அவர் அப்படி இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

நடுநிலையாளன் சார், பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது இரண்டு முறை முடிந்துவிட்டது. இரண்டாவது முறை பேசி அனுப்பிய பிறகுதான் அக்காவுக்குக் கை உடைந்தது.

வழக்குரைஞர் மேசை

சட்டம் பற்றித் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் குழந்தைகளுக்கும் இடம் இருக்கிறது. மனுப் போடும்போது எல்லாரும் ஜீவனாம்சத்தில்தான் நிற்பார்கள், பிள்ளைகளுக்கானதை மறந்துவிடுவார்கள். 18ஆவது பிரிவில் கேட்கும் பாதுகாப்பு உத்தரவில் பள்ளியின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கே பிள்ளைகளின் அப்பா நுழையக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட முடியும். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் தலைமையாசிரியராலும் வாசலில் நின்று "இல்லை சார்" என்று சொல்ல முடியும். இல்லையென்றால் அப்பா என்று வந்து நிற்பவரை அவர் எந்த அடிப்படையில் தடுப்பார்? 21ஆவது பிரிவில் பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடக் கேட்கலாம். தந்தை வந்து பார்ப்பது குழந்தைக்குக் கேடு என்று நீதிபதி கருதினால் அதையும் மறுக்கலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனு வந்து 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 60 நாளில் முடிந்த வழக்கை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள், 23ஆவது பிரிவு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் எழுதும் சம்பவ அறிக்கை பின்னால் உதவும். வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசம். தொலைபேசி 15100.

ஒரு வேண்டுகோள். பெரியவளைச் சாட்சியாகத் தயார் செய்யாதீர்கள். "ஜட்ஜ் கேட்டா இப்படிச் சொல்லு" என்று வீட்டில் ஒத்திகை பார்க்கிறவர்கள் உண்டு. நீதிபதி கேட்க நினைத்தால் தனியாகத் தன் அறையில் கேட்பார். அங்கே குழந்தைக்குத் தோன்றுவதைச் சொல்லட்டும்.

நடுநிலையாளன் கேட்ட "பிள்ளைகளை அடித்தாரா" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டத்தில் வன்முறை என்றால் உடம்பில் விழும் அடி மட்டும் கணக்கில்லை, மனத்தை வதைப்பதும் சேரும்.

வேளச்சேரி மூணாவது மாடி

நடுவில் புகுந்து கேட்கிறேன். எங்களுக்குக் கீழ் வீட்டில் இது நடக்கிறது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். "அது அவங்க பெர்சனல், மெயின்டனன்ஸ் ஒழுங்கா கட்டுறாங்க" என்று பதில் வந்தது. இதற்கு மேல் நான் என்ன செய்வது?

கணக்கு டீச்சர்

உறைமோர் கேட்டுப் போய் மணி அடியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். சத்தம் உச்சத்தில் இருக்கும்போது யாராவது மணி அடித்தால் கை ஒரு நிமிஷமாவது கீழே இறங்கும். திறந்தவர் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை நீட்டுங்கள்.

வழக்குரைஞர் மேசை

டீச்சர் சொல்வது பல சமயம் வேலை செய்யும். ஆனால் தனியாகப் போகாதீர்கள். "உன் பேச்சு மாடி வரைக்கும் போயிருக்கு" என்று அதற்கும் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு அடி விழுந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆயுதம், அலறல் என்றால் கிண்ணமெல்லாம் வேண்டாம், 112. பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தை பற்றி என்றால் 1098. கூப்பிடுவதற்கு நீங்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை.

வேளச்சேரி மூணாவது மாடி

என் பெண்ணுக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரே வயது. சாயந்திரம் ஹோம்வொர்க் செய்ய எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. மாவாட்டக் கூப்பிடுகிற மாதிரி.

பின்வாசல்

அனுப்பச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு.

கேட்கிற காது

குழந்தைகளுடன் வேலை செய்யும் மனநல ஆலோசகர் நான். பெயர் வேண்டாம்.

டாக்டரிடம் காட்டணுமா என்று கேட்டீர்கள். மூன்று வாரம்தானே ஆகிறது. தாழ்ப்பாளைத் தொடுவது, படுக்கை நனைவது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் நோய் என்று நான் உடனே சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அவனைக் காப்பாற்றிய பழக்கங்கள் அவை. ஆபத்து இல்லை என்று உடம்பு நம்ப நாளாகும். அது பேச்சைக் கேட்டு நம்பாது, ஒரே மாதிரி நடக்கிற நாட்களைப் பார்த்துத்தான் நம்பும். ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் தினமும் ஏழு மணி. "சித்தப்பா எட்டு மணிக்கு வருவார்" என்றால் எட்டு மணி. தாமதமானால் போன். பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும், அவனுக்கு இதுதான் மருந்து. விரிப்பை யாரும் பார்க்காத மாதிரி நீங்களே துவைத்துப் போட்டுவிடுங்கள். ஒரு மாற்று விரிப்பு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

பேசுவதா வேண்டாமா என்றால், தோண்ட வேண்டாம், மூடவும் வேண்டாம். ஒரு முறை, யாரும் அவசரத்தில் இல்லாதபோது சொல்லுங்கள்: "அப்பா அம்மாவ அடிச்சது தப்பு. அது உங்களால நடக்கல. உங்களால நிறுத்தியிருக்கவும் முடியாது." நடுவில் இருக்கிற வரியை விட்டுவிடாதீர்கள். தன்னால்தான் சண்டை வந்தது என்று நம்பாத குழந்தையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பேனா தொலைத்தேன், அதனால் அப்பாவுக்குக் கோபம் என்கிற மாதிரி ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். அதோடு அப்பாவை அவர்கள் முன் திட்டாதீர்கள். அவன் மனதில் பாதி இடம் அவருக்கு இருக்கிறது.

எனக்குக் கவலை பெரியவள்தான். அழாத, எல்லா வேலையும் செய்கிற பிள்ளைகளை எல்லாரும் பாராட்டி அப்படியே உறைய வைத்துவிடுகிறார்கள். திடீரென்று எல்லா வேலையையும் பிடுங்கினால் இங்கே தனக்கு இடமில்லை என்று நினைப்பாள். ஒரு வேலையை மட்டும் அவளுடையது என்று விடுங்கள், மற்றதை மெதுவாக வாங்கிக்கொள்ளுங்கள். தம்பிக்குத் தலை சீவுவதை அவள் அம்மா எடுத்துக்கொள்ளட்டும். அம்மா அம்மாவாக இருப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு ஆய்வு சொல்கிறேன், எனக்கே சோர்வு வரும்போது நினைத்துக்கொள்வது. ஹவாயில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, ஓயாத குடும்பச் சண்டை என்று எல்லாம் சேர்ந்து அழுத்திய குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல திடமான மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, விடாமல் பற்றிக்கொள்ள ஒரு பெரியவர். பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. இட்லிக் கடை அத்தையைப் பற்றிப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

எப்போது தாமதிக்காமல் வர வேண்டும்? சாப்பாடு தூக்கம் இரண்டும் குறைந்துகொண்டே போனால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், "நான் இல்லாம போனா நல்லது" என்கிற மாதிரிப் பேசினால். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம். போனில் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், 14416, தமிழிலேயே பேசுவார்கள். குழந்தையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தது தெரியவந்தால் அது வேறு விஷயம். போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும், குடும்பத்துக்குள் பேசி முடிக்கக் கூடாது.

நடுநிலையாளன்

படித்தேன். கை உடைந்தது எனக்குத் தெரியாது, அதற்கு வருந்துகிறேன். பெரியவர்கள் பேச வேண்டும் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்த மனிதரைக் குடி வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதில் இன்னும் நிற்கிறேன். அவரும் ஒரு தகப்பன்.

கேட்கிற காது

தாராளமாக அனுப்பலாம். அவர் குணமாகும் வரை பிள்ளைகள் அங்கே காத்திருக்க வேண்டியதில்லை. குடியை விட்ட பிறகும் அடிக்கிறவர்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரம்பூர் அம்மா

1992இல் ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறந்தபோது பேப்பரில் படம் பார்த்து, இனிமே கவலையில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்போது என் பெண்ணுக்கு ஐந்து வயது. அவள் பெரியவளாகிக் கல்யாணமாகி, ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொன்னதும் நான்தான். போலீசும் கோர்ட்டும் இருந்து என்ன, தாய் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இப்போது பெண் தனியாக வேலை பார்த்துப் பிழைக்கிறாள். பேத்திக்கு 12 வயது. எல்லாரிடமும் பேசுவாள், என்னிடம் மட்டும் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் ஹாஸ்டல், இல்லம் எல்லாம் நன்றாக இருக்கிறதாமே. அடையாறு அவ்வை இல்லம் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் ஆரம்பித்தது, தி. நகர் பால மந்திர் 1949இல் வந்தது, எத்தனையோ பிள்ளைகள் படித்து வந்திருக்கிறார்கள். ஏழு பேர் இரண்டு அறையில் கஷ்டப்படுவதற்குப் பதில் அப்படிச் சேர்க்கலாமா?

வழக்குரைஞர் மேசை

அம்மா, அந்த இடங்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. கூட வைத்துக்கொள்ள ஒரு சித்தி இருக்கும்போது அது தேவையில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கு அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்க இடம் உண்டு, 5 நாள் வரை. பெண் குழந்தைகள் எந்த வயதானாலும் கூடத் தங்கலாம். ஆண் குழந்தை என்றால் விதியில் வயது வரம்பு உண்டு, முன்பு அது 8 ஆக இருந்தது. இந்தப் பையனுக்கு 9. அந்தப் பழைய வரம்புப்படி பார்த்தால், அன்றைக்கு ராத்திரி ஆட்டோ அங்கே போயிருந்தால் அம்மாவும் பெரியவளும் ஓரிடம், அவன் ஓரிடம் ஆகியிருக்கலாம். அந்த விதிக்குக் காரணம் இருக்கலாம், ஒன்பது வயதுப் பையனிடம் அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பண விஷயத்தில், குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு இருக்கிறது, குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். தந்தையை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுங்கள். அக்காவுக்கு இன்னும் விவாகரத்து ஆகாததால் கேள்வி கேட்பார்கள். சம்பவ அறிக்கை, மனுவின் நகல் இரண்டையும் இணைத்துக் கொடுங்கள்.

பெரம்பூர் அம்மா

சரி தம்பி. தெரியாமல் கேட்டுவிட்டேன்.

அயனாவரம் சித்தி

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். பலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

இடைக்கால உத்தரவு வந்துவிட்டது, பள்ளியின் பெயரோடு. மூன்றாவது வாய்தாவில்தான் கிடைத்தது. அதற்கு முன் ஒரு நாள் அக்கா வீட்டுக்காரர் பள்ளி வாசலில் வந்து நின்றார். வாட்ச்மேன் எனக்கு போன் பண்ணிவிட்டு, நான் போகும்வரை அவரிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த மனுஷனுக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கணும். நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, இரண்டு முறை அலைந்தாயிற்று. அக்கா பக்கத்துத் தெருவில் தையல் யூனிட்டில் சேர்ந்திருக்கிறாள்.

சின்னவன் தாழ்ப்பாள் விஷயத்துக்கு என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். கார்ப்பெண்டரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை ஓரடி கீழே இறக்கிவிட்டார். "இனிமே ராத்திரி கதவு உன் பொறுப்பு, நாங்க யாரும் தொட மாட்டோம்" என்று சொன்னார். முதல் வாரம் நான்கைந்து முறை எழுந்து பார்த்தான். இப்போது ஒரு தடவைதான். படுக்கை இன்னும் சில நாள் நனைகிறது. விரிப்பை ஒளித்து வைப்பதில்லை.

பெரியவள் போன ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே இல்லை. எட்டரை ஆயிற்று. நான் போய், "பாத்திரம் கெடக்குதுடி" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "போங்க சித்தி, இன்னிக்கு என்னால முடியாது" என்றாள். நான் போய் டீ போட்டேன். கை நடுங்கி சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அன்று மத்தியானம்தான் முதல் முறையாக அழுதாள், அவள் அம்மா மடியில். நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தோம்.

ஒரு சந்தேகம். வருகிற வியாழக்கிழமை அவர்கள் அப்பாவுக்குப் பிறந்த நாளாம். சின்னவன் "போன்ல விஷ் பண்ணலாமா" என்று கேட்கிறான். பெரியவள் அதைக் கேட்டு அவனோடு பேசவில்லை. அக்கா முகம் கறுத்துவிட்டது. நான் என்ன சொல்ல?

கேட்கிற காது

இரண்டு பேரும் அவரவர் வழியில் சரி என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். உத்தரவில் தொலைபேசி பற்றி என்ன இருக்கிறது என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள். அதுவரைக்கும் அவன் ஒரு கார்டு எழுதட்டும். அனுப்புவதா வேண்டாமா என்பது பிறகு. எழுதியதை யாரும் கேட்டு வாங்கிப் படிக்காதீர்கள், அவனாகக் காட்டினால் பாருங்கள்.

பின்வாசல்

சித்தி, பெரியவள் கதைப் புத்தகம் படிப்பாளா? என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அயனாவரம் பஸ் டிப்போ பக்கம் சனிக்கிழமை வருகிறேன். நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ வந்து வாங்கிக்கொண்டால் போதும், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

அயனாவரம் சித்தி

படிப்பாள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவரை அனுப்புகிறேன். நீலக் கலர் டிவிஎஸ்.